கதறினாலும் அவிழ்க்காதே

உட்காருங்க தம்பி, உட்காருங்க. யாரும் வரமாட்டாங்க, இந்த வரிசை பூரா காலிதான். ஃபேன் நேரா இங்கதான் அடிக்குது. இருந்தாலும் நம்ம ஜனங்களுக்கு அந்த மூலையில நெருக்கியடிச்சு உட்கார்ந்தாத்தான் திருப்தி. நான் வரும்போது இங்க ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்துச்சு. எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டாங்க. மேளச் சத்தம் ஆகல போலிருக்கு.

மாப்பிள்ளை வீடா? அதான் பார்த்தேன். உள்ளூரா இருந்தா எனக்குத் தெரியாம இருக்காது. இந்த மண்டபத்துல பாதிப் பேரு என்கிட்ட அடி வாங்கினவங்க. சிங்காரவேலு வாத்தியார்னு யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. அறிவியல் வாத்தியார். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம் நடுநிலைப் பள்ளிக்கூடம் இருக்குல்ல, அங்கதான் ரிடையர் ஆகுற வரைக்கும். பந்திக்கு இன்னும் நேரம் இருக்கு. இப்பதான் முதல் பந்திக்கு சாம்பார் போகுது. அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு நியாயம் கேட்கணும். வெளியூர்க்காரருதான் சரியாச் சொல்ல முடியும். உள்ளூர்ல எல்லாரும் ஒரு பக்கமாவே பேசுறாங்க.

பொண்ணோட அப்பன், அதோ பட்டு வேட்டியில வாசல்ல நின்னு கும்பிடுறானே, கலியபெருமாள், அவன் என் மாணவன். எனக்குப் பத்திரிகை வைக்கல. கல்யாண வேலையில மறந்திருப்பான். நாம என்ன அந்நியமா, நானே கிளம்பி வந்துட்டேன். என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கை அப்படியே பாதியில நின்னு போச்சு. பயம் தம்பி. பேரன் எடுக்கப் போற வயசுல இன்னும் அந்தப் பயம் இருக்கு பாருங்க.

அவன் ஏழாவது படிக்கும்போது நாக்குப் பாடம் நடத்தினேன். நுனி நாக்குல இனிப்பு, ஓரத்துல புளிப்பு, அடி நாக்குல கசப்பு. புத்தகத்துல படமே இருக்கும், நாக்கை வயல் மாதிரி வரப்பு போட்டுப் பிரிச்சு. இவன் எந்திரிச்சு, "சார், நுனி நாக்குல வேப்பங்கொழுந்து வச்சுப் பார்த்தேன், கசக்குது சார்"ங்கிறான். கசக்காதுடான்னேன். கசக்குது சார்ங்கிறான். விட்டுட முடியுமா? ஒரு கொழுந்தைக் கொண்டாரச் சொல்லி, நுனி நாக்குல வச்சு, நாக்கை நீட்டிக்கிட்டு நில்லுன்னேன். பாடத்துக்கு நடுவுல நடுவுல போய்க் கேட்பேன். கசக்குதா? தலையை ஆட்டுவான். ஒரு அடி. கசக்குதா? ஒரு அடி. மணி அடிக்கிறதுக்குள்ள "கசக்கல சார்"னுட்டான். அழுதுக்கிட்டுதான் சொன்னான், ஆனா சரியாச் சொன்னான். இப்ப என்னடான்னா போன்ல போடுறானுங்களாம், நாக்கு பூரா எல்லா ருசியும் தெரியும்னு. அப்ப நான் நடத்தும்போது இருந்த நாக்கு வேற, இப்ப இருக்கிற நாக்கு வேறயா? சிரிப்பா இருக்கு.

சரி, நான் சொல்ல வந்தது அது இல்ல. பொன்னாடை. எனக்கு ஒரு பொன்னாடை வரவேண்டியது தம்பி. வரல. அதான் விஷயம்.

அந்தத் தூணோரம் பச்சைப் புடவை கட்டிக்கிட்டு ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. சட்டுனு திரும்பாதீங்க, மெதுவா. பார்த்தாச்சா? சுகந்தி. அவளும் என் மாணவிதான். அவளாலதான் வரல.

எங்க ஊரு சங்கதி உங்களுக்குத் தெரியாது. வயலு, வாய்க்கால், வைக்கப்போரு. பாம்பு இல்லாத வீடு கிடையாது. ஏழாம் வகுப்பு அறிவியல்ல முதலுதவின்னு ஒரு பாடம், அதுல பாம்புக்கடிக்கு அரைப் பக்கம். மத்த வாத்தியாருங்க வாசிச்சுட்டுப் போயிடுவாங்க. நான் அப்படி இல்ல. பாட்டாக் கட்டி மனசுல ஏத்திடுவேன். கடிவாய்க்கு மேலே கட்டு, கட்டை நல்லா இறுக்கிக் கட்டு, கதறினாலும் அவிழ்க்காதே. எப்படி? நான் மேஜையில பிரம்பால ஒரு தட்டுத் தட்டினா மொத்த வகுப்பும் ஒரே குரல்ல சொல்லும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். முதல் ரெண்டு வரி புத்தகத்துல உள்ளது. மூணாவது வரி என்னோடது. புத்தகத்துல கிடையாது, நானாச் சேர்த்தேன். பெருமைக்குச் சொல்லல, அந்த மூணாவது வரி இல்லேன்னா பாட்டு மனசுல நிக்காது.

இடது கையைக் கொடுங்க. சும்மா கொடுங்க தம்பி, ஜோசியம் பார்க்கப் போறதில்ல. வாயால சொன்னா விளங்காது, செஞ்சு காட்டினாத்தான் விளங்கும். அப்படித்தான் நான் நடத்துவேன். கைக்குட்டை வச்சிருக்கீங்கல்ல, அதை எடுங்க. இப்ப கடிவாய் இந்த மணிக்கட்டுல இருக்குன்னு வச்சுக்குங்க. முழங்கைக்கு மேல ஒரு சுத்து, முடிச்சு. சட்டைப் பையில இருக்கிற பேனாவைக் கொடுங்க. இதை முடிச்சுக்குள்ள விட்டு முறுக்கணும். இன்னும் ஒரு முறுக்கு. இப்ப பேனா நழுவாம இன்னொரு முடிச்சு. அவ்வளவுதான். இப்படியே இருக்கட்டும், நான் பேசிடுறேன்.

வலிக்குதா? வலிக்கணும். வலிக்கலேன்னா கட்டு சரியில்லன்னு அர்த்தம்.

சுகந்திக்கும் இப்படித்தான் கட்டிக் காட்டினேன். முன் பெஞ்சுல உட்கார்ந்திருப்பா, ரெட்டைச் சடை போட்டு நீல ரிப்பன் கட்டியிருப்பா. அவ ரிப்பனையே ஒண்ணு அவிழ்த்து, அவளைப் பெஞ்சு மேல ஏத்தி, முழங்காலுக்குக் கீழ கட்டினேன். வகுப்பு முழுக்கப் பார்க்கணும் இல்லையா? கட்டிட்டு நான் கரும்பலகையில எழுதிக்கிட்டிருக்கேன். திரும்பிப் பார்த்தா, குனிஞ்சு ரிப்பனைத் தளர்த்திக்கிட்டிருக்கா. "என்ன செய்யிற?"ன்னேன். "கால் மரத்துப் போச்சு சார்"ங்கிறா. எனக்கு வந்துச்சே கோபம். பாம்பு கடிச்சிருந்தா இந்நேரம் நீ பொணம்னு சொல்லி, அந்தக் கால்லயே முழங்காலுக்குப் பின்னாடி பிரம்பால போட்டேன். மறுபடி கட்டினேன், முன்னைவிட இறுக்கமா. மூணாவது வரியை நூறு தடவை சொல்லச் சொன்னேன், பெஞ்சு மேல நின்னுக்கிட்டே. சொன்னா தம்பி. பாதிக்கு மேல அழுகை கூட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அவ எந்த வகுப்புலயும் எதையும் மறந்ததே இல்ல.

படிப்புல கெட்டிக்காரி. ஆனா அவ அப்பன் எட்டாவதோட நிறுத்திட்டான். கட்டிக் கொடுத்ததும் உள்ளூர்லயே, வாய்க்காலுக்கு அந்தாண்ட. ஒரே ஒரு பொண்ணு பொறந்துச்சு, யோகிதான்னு பேரு. இங்கதான் எங்கயோ இருக்கும், நாதஸ்வரக்காரங்க பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்துச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி கார்த்திகை மழை வந்துச்சே, டிவியில எல்லாம் காட்டினானே, அப்ப. வாய்க்கால் உடைச்சுக்கிட்டு கொல்லையெல்லாம் தண்ணி. சாயங்காலம் இருட்டுற நேரம். அந்தக் குழந்தை ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிறேன்னு தண்ணியில இறங்கியிருக்கு. கணுக்கால்ல கடிச்சிருச்சு. "அம்மா, பாம்பு"ன்னு ஒரே கத்தல். சுகந்தி புருஷன் ஓடி வந்து மண்வெட்டியால பாம்பை அடிச்சுக் கூழாக்கிட்டான். சேத்துல பொரண்டு என்ன பாம்புன்னே தெரியல. அதை ஒரு சிமெண்ட் சாக்குல போட்டுக்கிட்டான், டாக்டர்கிட்ட காட்டணுமாம்.

சுகந்தி என்ன பண்ணியிருக்கா தெரியுமா? அழல. மாமியார்க்காரி மாரடிச்சுக்கிட்டு அழுவுறா, இவ அழல. நெல்லு மூட்டை தைக்கிற சணல் கயித்தை எடுத்தா. முழங்காலுக்குக் கீழ மூணு சுத்து. அகப்பைக் காம்பை உடைச்சு உள்ள விட்டு முறுக்கினா. நான் சொல்லிக் கொடுத்தது அப்படியே! எத்தனை வருஷம் ஆச்சு பாருங்க. படிச்ச பாடம் அந்த நேரத்துல கையில வந்து நிக்குது. இதைக் கேட்டப்ப எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

ஏன் நெளியிறீங்க? விரல் சில்லுனு இருக்கா? இருக்கும், இருக்கும். ரத்தம் போகலேன்னு அர்த்தம். அப்படித்தான் இருக்கணும்.

ரோடு அறுத்துக்கிச்சு, ஆம்புலன்ஸ் வர முடியல. டிராக்டர்லதான் கொண்டு போனாங்க. போற வழியில ரெண்டு இடத்துல தண்ணி, சுத்திச் சுத்திப் போயிருக்காங்க. குழந்தை, "அம்மா, கயிறு வலிக்குது, கயித்தை அவிழ்த்து விடும்மா"ன்னு கத்தியிருக்கு. பாம்பு கடிச்ச இடம் வலிக்குதுன்னு சொல்லல பாருங்க, கயிறு வலிக்குதுன்னுதான் சொல்லியிருக்கு. மாமியார் அவிழ்க்கப் போயிருக்கா, சுகந்தி அவ கையைக் கடிச்சு வச்சிட்டா. புருஷன் கொஞ்சம் தளர்த்தலாம்டீன்னு கெஞ்சியிருக்கான். இவ குழந்தையை மடியில போட்டு, ரெண்டு கையாலயும் முடிச்சை மூடிக்கிட்டு, என் பாட்டைச் சொல்லிக்கிட்டே வந்திருக்கா. கதறினாலும் அவிழ்க்காதே, கதறினாலும் அவிழ்க்காதே. வழியெல்லாம். டிராக்டர் ஓட்டினவன் என்கிட்ட நேர்ல சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விடிஞ்சு போச்சு. குழந்தை சத்தம் அதுக்கு முன்னாடியே நின்னு போயிருக்கு. வலி குறைஞ்சிருச்சுன்னு இவ நினைச்சிருக்கா.

கால் கறுத்துப் போச்சு தம்பி. எடுத்துட்டாங்க, முழங்காலுக்குக் கீழ.

நான் கூட முதல்ல, விஷம் அப்படிப்பட்ட விஷம், உசிரு தப்பிச்சதே பெருசுன்னுதான் சொன்னேன். அங்க ஒரு டாக்டர் பொண்ணு, என் பேத்தி வயசு இருக்கும், அது சாக்கைப் பிரிச்சுப் பார்த்திருக்கு. ரத்தத்தையும் சோதனை பண்ணியிருக்கு. அப்புறம் சுகந்தியைக் கூப்பிட்டு, "இது தண்ணிப்பாம்பும்மா, இதுக்கு விஷமே கிடையாது, கட்டாம வீட்டுல வச்சிருந்தா கூட ஒண்ணும் ஆகியிருக்காது"ன்னு சொல்லியிருக்கு. சொல்லலாமா? பெத்தவகிட்ட போய் அதைச் சொல்லலாமா? படிச்ச பொண்ணுக்கு இங்கிதம் வேணாம்? அதோட விட்டுச்சா? நல்லபாம்பே கடிச்சாலும் இப்படி இறுக்கிக் கட்டக் கூடாதாம். காலை அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து ஊசி போட்டாப் போதுமாம். "யாரும்மா உங்களுக்குக் கட்டச் சொன்னது?"ன்னு கேட்டிருக்கு. எங்க வாத்தியார்னு சொல்லியிருக்கா.

இதுல என் தப்பு என்ன தம்பி, நீங்களே சொல்லுங்க. புத்தகத்துல என்ன இருந்துச்சோ அதைத்தானே சொன்னேன்? நானா எதையாவது சேர்த்தேனா? இப்ப புதுப் புத்தகத்துல கட்டாதேன்னு போட்டிருக்கானாம். போடட்டுமே. அன்னைக்குக் கட்டுன்னு போட்டவன்கிட்ட போய்க் கேளு. அதுவும் போக, நான் ரிப்பன்னு சொன்னேன், துணின்னு சொன்னேன். சணல் கயிறுன்னு எங்கயாவது சொன்னேனா? சணல் அறுக்காம என்ன செய்யும்? அதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க.

பொறுங்க, அவிழ்க்காதீங்க. வலது கையால அதை அவிழ்க்க முடியாது, நான் போட்ட முடிச்சு. இன்னும் கொஞ்சம்தான், முடிச்சிடுறேன்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துல நூற்றாண்டு விழா. பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து நடத்தினாங்க, இந்தக் கலியபெருமாள்தான் தலைவர். பழைய ஆசிரியர்களுக்கு மரியாதை. உயிரோட இருக்கிறதுல மூத்தவன் நான், அதனால எனக்கு முதல்ல பொன்னாடை, அப்புறம் ஒரு கேடயம். பொன்னாடை மேடை மேல மேஜையில இருந்துச்சு, நான் கண்ணால பார்த்தேன். அரக்குக் கலரு, அகல ஜரிகை. என் பேரையும் கூப்பிட்டாச்சு. நான் எந்திரிச்சு வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கிறேன். அந்த நேரத்துல சுகந்தி மேடை ஏறி வர்றா. குழந்தையை இடுப்புல தூக்கிக்கிட்டு வர்றா, அது பெரிய பொண்ணு, இடுப்புல வைக்கிற வயசு இல்ல. கலியபெருமாள் என்ன நினைச்சானோ, மைக்கைக் கொடுத்துட்டான்.

மைக்கைப் பிடிச்சு, என்னைப் பார்த்துக்கிட்டே, மெதுவா சொன்னா. "கடிவாய்க்கு மேலே கட்டு." பந்தல்ல பேச்சு நின்னுச்சு. "கட்டை நல்லா இறுக்கிக் கட்டு."

அப்ப நடந்துச்சு தம்பி. கீழ அத்தனை பேரும் என் மாணவங்க. தாத்தாவானவன், நரைச்சவன், பிள்ளை பெத்தவ. யாரும் சொல்லச் சொல்லல. மொத்தப் பந்தலும் ஒரே குரல்ல, "கதறினாலும் அவிழ்க்காதே"ன்னுச்சு. வாய் தானா சொல்லிருச்சு. சொல்லி முடிச்சதும் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க, ஒரு பொம்பளை தேம்பினா. நான் மேடையில நிக்கிறேன், எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. எந்த வாத்தியாருக்குக் கிடைக்கும் அது? ஒரு எழுத்து பிசகல.

அப்புறம் அவ குழந்தையோட பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினா. காட்டிட்டு, "நான் அவிழ்க்கல சார்"ன்னா. வேற ஒரு வார்த்தை சொல்லல. திட்டல, கத்தல. வகுப்புல எந்திரிச்சு கையைக் கட்டிக்கிட்டு நின்னு பதில் சொல்ற மாதிரி, "நான் அவிழ்க்கல சார்".

நான் என்ன சொல்றது? சரியான பதில் சொன்னா என்ன சொல்லுவோமோ அதைத்தான் சொன்னேன். எத்தனை வருஷப் பழக்கம், வாயில வந்துருச்சு. "குட், உட்காரு"ன்னேன். மைக்குல கேட்டிருச்சு.

கலியபெருமாள் பொன்னாடையை எடுத்து மடிச்சு மேஜைக்கு அடியில வச்சான். நான் கையை முன்னால நீட்டிக்கிட்டு நிக்கிறேன், அவன் பாட்டுக்கு மடிச்சு வைக்கிறான். அடுத்த பேரைக் கூப்பிட்டான். அன்னையிலேருந்து ஒருத்தன் எனக்கு வணக்கம் சொல்றது இல்ல. டீக்கடைக்குப் போனா பெஞ்சு காலியாகுது. என் வீட்டு வாசல்ல எவனோ சணல் கயித்தைப் போட்டுட்டுப் போறான். நியாயமா இது? அவ பாடத்தை ஒழுங்காப் படிச்சா, நான் ஒழுங்கா நடத்தினேன். ரெண்டு பேரும் சரியாச் செஞ்சிருக்கோம். அப்புறம் எனக்கு ஏன் பொன்னாடை இல்ல? நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரரு, நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கலியபெருமாள் தட்ட மாட்டான். இன்னைக்கே, இந்த மேடையிலேயே போடச் சொல்லுங்க. நல்ல நாளு.

விரல் நீலம் பூத்துருச்சா? காட்டுங்க. அட, ஒண்ணும் ஆகாது. சாப்பிடுறதுக்கு வலது கை இருக்குல்ல. மொகத்தை ஏன் அப்படி வச்சுக்கிறீங்க, ஏழாம் வகுப்புப் பொண்ணு தாங்கினா. கொஞ்சம் இருங்க, சரி தப்பு சொல்லிட்டு அவிழ்த்துக்கலாம்.

யாரது? யாரும்மா நீ, நடுவுல வந்து? ஊன்றுகோலை ஓரமா வையி, அவரு கால்ல படுது. தம்பி, இதுதான் அந்தக் குழந்தை. யோகிதா. பார்த்தீங்களா, வளர்ந்துருச்சு. என்னம்மா வேணும்? அவரு கையை ஏன் பிடிக்கிற? விடு. நான் பாடம் சொல்லிக்கிட்டிருக்கேன். அது கட்டு, அதுல கை வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா? உங்க அம்மா சொல்லித் தரல? சுகந்தி! ஏ சுகந்தி! அங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கியே, கூப்பிடு உன் பொண்ணை!

பல்லால கடிச்சு இழுக்குது பாருங்க தம்பி. பேனாவை உருவிட்டா. என்ன சொல்றா உங்ககிட்ட? "மாமா, விரலை மடக்கி மடக்கி விரிங்க"ன்னா? இது யாரு இவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? எந்தப் பள்ளிக்கூடத்துலம்மா படிக்கிற, யாரு உன் வாத்தியார்?

அவிழ்த்துட்டா. முழுசா அவிழ்த்துட்டா. ஏம்மா, நில்லு, சொல்றதைக் கேட்டுட்டுப் போ. உங்க அம்மா இப்படி இல்லம்மா. உங்க அம்மா நல்லாப் படிச்ச பொண்ணு.